அம்மாவுக்கென்று ஒரு மணித்தியாலம்

சென்ற மாரிக்குச் சற்று முன்னர் தாய்மார் கூட்டம் ஒன்றில் நாம் ஒரு கேள்வி கேட்டோம். “உங்களுக்கு என்ன விருப்பம்?” இவ்வளவுதான் கேள்வி. வழமையாக இத்தகைய கூட்டங்களில் என்ன தேவை என்றுதான் கேட்போம். மலசலகூடம், கிணறு இறைத்துத் தருதல், பாடசாலைக் கொப்பி, பசளை என்று பதில்கள் வரிசையாக வரும், நாமும் எழுதிக்கொள்வோம். அன்று தேவை என்ற சொல்லை விட்டுவிட்டு விருப்பம் என்று கேட்டுப் பார்த்தோம்.

பதில்கள் அதிகம் மாறவில்லை. “பிள்ளையள் படிச்சு ஒரு நிலைக்கு வந்தாப் போதும்.” “மூத்தவளுக்கு ஒரு வேலை கிடைச்சால் சந்தோசம்.” “இவருக்குச் சொந்தக் காணியிலை தோட்டம் செய்ய வேணும் எண்டு ஆசை.” எல்லாம் பிறருக்கான விருப்பங்கள். “அது சரி, உங்களுக்கு?” என்று மறுபடியும் கேட்டபோது மண்டபத்தில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

கடைசி வரிசையில், மடியில் நித்திரையான கடைக்குட்டியோடு இருந்த ஒரு தாய்தான் வாய் திறந்தார். “எனக்குப் பெட்டி இழைக்க விருப்பம் சிஸ்டர். எங்கட அம்மா இழைக்கிற மாதிரி, சாயம் போட்டு, மூடியிலை பூ வைச்சு. விக்கிறதுக்கில்லை.”

விற்பதற்கில்லை என்றதும் மற்றவர்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் நாமும் சிரித்தோம். திரும்பி வரும் வழியில்தான் அந்தச் சிரிப்பு எமக்கே உறுத்தியது. அதனாலேயே இதனை எழுதுகிறோம்.

அந்தத் தாய் வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டு அப்பகுதி மக்கள் இடம்பெயர்ந்தபோது அவருக்கு ஏழு வயது. முகாமில் வளர்ந்தார். 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அவரும் தலையில் ஒரு மூட்டையுடன் நடந்தார். திரும்பி வந்து, முகாமிலேயே கலியாணம் முடித்து, இன்று மூன்று பிள்ளைகளுக்குத் தாய். கணவர் பிறருடைய காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் செய்கிறார். பிறந்த வீடு எப்படி இருந்தது என்பது இவருக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. ஆனால் தாயார் பெட்டி மூடியில் வைக்கும் எட்டிதழ்ப் பூ மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மின்சாரமும் இல்லாமல், மண்ணெண்ணெயும் அருமையாகிப்போன அந்த நாட்களில், ஜாம் போத்தலுக்குள் சொட்டு எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் தாயார் இழைப்பாராம். தாயார் இப்போது இல்லை. அவர்களது காணி இதனை எழுதும்வரை விடுவிக்கப்படவில்லை. ஊரிலிருந்து இவர் கைக்கு வந்து சேர்ந்த முதுசம் அந்தப் பூதான். அதை ஒருமுறை தன் கையால் இழைத்துப் பார்க்கவேண்டும் என்பதே அவருடைய விருப்பம். இதில் சிரிப்பதற்கு என்ன இருந்தது?

ஓலை வேலை எவ்வளவு பொறுமை கேட்கும் என்பது எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குருத்தை வெட்டுவித்து, வெயிலிலும் பனியிலும் போட்டு வெளுக்கவிட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து எடுக்கவேண்டும். சாயத்தைக் கொதிநீரில் கரைத்து ஓலையை அமிழ்த்தி, நிழலில் காயவிடவேண்டும். வெயிலில் போட்டால் நிறம் செத்துவிடும். மத்தியான வெக்கையில் ஓலை முறியும். விடியற்காலையிலோ பொழுதுபட்ட பிறகோதான் அது கைக்கு வளைந்து கொடுக்கும். அந்த இரண்டு வேளையும் தாய்மாருக்கு எந்த வேளை என்பதை யோசித்துப் பாருங்கள். விடியற்காலை அடுப்பு மூட்டும் வேளை. பொழுதுபட்டால் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துப் பாடம் பார்க்கும் வேளை. ஓலை கேட்கும் நேரத்தையே வீடும் கேட்கிறது.

ஊரில் இருந்த காலத்தில் தாய்மாருக்கு வேலை குறைவாக இருந்தது என்று எவரும் எண்ணவேண்டாம். வெங்காயப் பாத்தியில் புல்லுப் பிடுங்கியதும், மிளகாய் பழம் ஆய்ந்ததும், மாட்டுக்குக் குழை முறித்ததும் யார்? இருந்தும் அந்த நாளுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. மத்தியானச் சோறு முடிந்தபின் விறாந்தையிலோ மாமர நிழலிலோ நாலு பெண்கள் கூடுவர். கையில் ஓலையோ சுளகோ இருக்கும். வாயில் ஊர்க்கதை இருக்கும். யாரோ ஒருத்தி பழைய பாட்டொன்றை இழுப்பாள். அதை வேலை என்றும் சொல்லலாம், ஆறுதல் என்றும் சொல்லலாம். இரண்டையும் எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

முகாம் வாழ்க்கை இதைத்தான் முதலில் குலைத்தது. தண்ணீருக்கு வரிசை, நிவாரணத்துக்கு வரிசை, பதிவுக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. 2009 இல் வன்னியிலிருந்து வந்து, செட்டிகுளம் மெனிக் பாமில் அடைக்கப்பட்டிருந்த தாய்மார் 2012 இல் அது மூடப்படும்வரை கண்டதும் இதுவே. காணியை இழந்த தோட்டக்காரருக்குச் செய்ய வேலை இல்லாது போயிற்று. அவருடைய மனைவிக்கோ வேலை இரண்டு பங்காயிற்று. மீள்குடியேறிய பிறகும் இந்த வரிசை வாழ்க்கையின் பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. ஓய்ந்து இருந்தால் எதையோ தவறவிட்டுவிடுவோம் என்ற பதற்றம் பல தாய்மாரிடம் இன்றும் இருக்கிறது. இருந்து பேசுங்கள் என்றால்கூட நின்றுகொண்டே பேசுகிறார்கள்.

இனி எமது சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன்னர் நாம் ஓலைக் கைவேலை வகுப்பொன்றை நடத்தினோம். வியாழக்கிழமைகளில் பின்னேரம் இரண்டு மணித்தியாலம். பத்துப் பன்னிரண்டு தாய்மார் தவறாமல் வந்தார்கள். வருட முடிவில் உதவி வழங்கியவர்கள் ஆளுக்கு எவ்வளவு வருமானம் என்று கேட்டார்கள். கணக்குப் பார்த்தோம். செய்த பெட்டிகளில் பாதியும் விற்கவில்லை. விற்றதில் வந்த காசு ஓலைக்கும் சாயத்துக்கும் சரியாகிவிட்டது. “திட்டம் வெற்றியளிக்கவில்லை” என்று எழுதி வகுப்பை மூடினோம். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று வியாழக்கிழமைகள் தாய்மார் மண்டப வாசலுக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள் என்று பின்னர்தான் அறிந்தோம். காசு வராத இடத்துக்கு அவர்கள் ஏன் வந்தார்கள் என்று நாம் அன்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூடியிருக்கமாட்டோம்.

பெண்களுக்கென்று எதைத் தொடங்கினாலும் அதற்கு ‘வருமானம் ஈட்டும் திட்டம்’ என்று பெயர் வைப்பது எம்மைப் போன்ற அமைப்புகளுக்கெல்லாம் ஒரு பழக்கமாகிவிட்டது. கோழிக்குஞ்சு, தையல் மெசின், மா ஆலை. இவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் எம்மைப் போன்ற மூடர் இல்லை. உலையில் அரிசி இல்லாத வீட்டில் பூப்போட்ட பெட்டியைப் பற்றிப் பேச முடியாது. 2022 இல் பசளையும் இல்லாமல், விலைவாசியும் தலைக்குமேல் ஏறியபோது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைத்தது யார் என்பதும் தெரியும். அனேகமாகத் தாய்தான். ஆயினும் ஒரு பெண்ணின் கையில் உள்ள எல்லாத் திறமைக்கும் விலை ஒட்டவேண்டும் என்று நினைப்பதில் ஒரு கேடு இருக்கிறது. அதனை எமது கிராமங்கள் கடன் வடிவில் அனுபவித்தன.

போர் முடிந்து பாதைகள் திறந்த பின்னர் நுண்நிதிக் கம்பனிகள் வடக்குக்கும் கிழக்குக்கும் வந்தன. நன்றாகத் தைக்கிறீர்கள், கடன் தருகிறோம், மெசின் வாங்குங்கள் என்றார்கள். பலகாரம் நன்றாகச் செய்கிறீர்கள், கடன் தருகிறோம் என்றார்கள். கிழமைக்குக் கிழமை தவணை. ஒருத்தி கட்டத் தவறினால் குழுவிலுள்ள மற்றவர்கள் கட்டவேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கடன் சுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட பெண்களைப் பற்றிய செய்திகளும் வந்தன. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்கவேண்டிய நிலை வந்தது என்றால் பாருங்கள். எமக்குத் தெரிந்த ஒரு தாய் சின்ன வயதிலிருந்தே சட்டைக்குப் பூத்தையல் போடுவதில் ஆசை உள்ளவர். கடன் எடுத்து மெசின் வாங்கிய பிறகு செவ்வாய்க்கிழமை வருகிறதென்றால் அவருக்கு நெஞ்சிடிக்கும். அன்றுதான் காசு சேர்ப்பவர் வருவார். மெசினை விற்று, கடனை ஒருவாறு கட்டி முடித்தார். இன்றும் ஊசியைக் கையில் எடுப்பதில்லை. அவருக்கு நட்டம் காசு மட்டுமா?

ஆகையால் தாய்மாரிடம் நாம் சொல்வது இது. உங்கள் கையில் உள்ளதில் ஒன்றையாவது விலை பேசாமல் வைத்திருங்கள். விற்கவேண்டி வந்தால் விற்கலாம். ஆனால் விற்பதற்காக மட்டும் செய்யவேண்டாம். அது ஓலையாக இருக்கவேண்டும் என்பதில்லை. எமக்குத் தெரிந்த ஒருவர் மாப் பேணியில் செவ்வரத்தைத் தடி நட்டு வளர்க்கிறார். ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒரு தடி முறித்துக் கொண்டுபோனதாகச் சொல்கிறார். இன்னொருவர் பிள்ளைகள் பாடசாலைக்குப் போன பிறகு பிள்ளையின் பழைய சைக்கிளை எடுத்து ஓட்டிப் பழகினார், நாற்பது வயதில். விழுந்து முழங்கால் உரசியதைச் சொல்லும்போது அவருக்கு வந்த சிரிப்பை நாம் அதற்கு முன் கண்டதில்லை.

வாசிப்பையும் எழுத்தையும் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எமது ஊர்களில் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் நிறைய இருந்தன. காலையில் பத்திரிகை வந்ததும் வாங்கில் இருந்து வாசிப்பவர்கள் ஆண்கள். தாய்மார் பத்திரிகை வாசித்தது பெரும்பாலும் கடையிலிருந்து சீனி சுற்றி வந்த தாளில்தான். அதிலும் பாதிச் செய்தி கிழிந்திருக்கும். பெண்களுக்கு எழுத்தில் நாட்டமில்லை என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. இதே வலிகாமம் வடக்கில், தெல்லிப்பழையைச் சேர்ந்த மங்களநாயகம் தம்பையா 1914 இல் ‘நொறுங்குண்ட இருதயம்’ என்ற நாவலை வெளியிட்டார். ஈழத்தில் ஒரு தமிழ்ப் பெண் எழுதிய முதல் நாவலாக அதனைக் கூறுவர். மணவாழ்வில் துன்புறும் ஒரு பெண்ணைப் பற்றிய கதை அது. பின்னர் 1986 இல், போர்ச் சூழலுக்குள்ளேயே, பெண்கள் எழுதிய கவிதைகளைச் சித்திரலேகா மௌனகுரு தொகுக்க ‘சொல்லாத சேதிகள்’ யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. படித்த, வசதியுள்ள வீட்டுப் பெண்களுக்குத்தான் இதெல்லாம் வாய்க்கும் என்று சிலர் சொல்லக்கூடும். அதில் உண்மை உண்டு, மறுக்கமாட்டோம். எழுதுவதற்கு எழுத்து மட்டும் போதாது, நேரமும் வேண்டும். அந்த நேரம் ஒரு தோட்டக்காரத் தாய்க்கு எங்கிருந்து வருவது என்பதே எமது கேள்வி.

ஆனாலும் எழுதுகிற தோட்டக்காரத் தாய்மார் இருக்கிறார்கள். ஒருவர் மகனுடைய கணக்குக் கொப்பியின் எழுதாத பின் தாள்களில் தன் பழைய வளவைப் பற்றி எழுதிவருகிறார். கிணற்றடியில் எத்தனை கமுகு, வேலியில் எந்த இடத்தில் பூவரசு, எந்த மாமரத்துப் பழம் புளிக்கும் என்றெல்லாம். காணி கிடைத்தால் எல்லை காட்ட உதவும் என்று நாம் சொன்னோம். வலிகாமம் வடக்கில் காணி விடுபட்டுப் போனவர்கள் வீடும் வேலியும் தெரியாமல், கிணறு மூடுண்டு, எல்லையைத் தேடி நின்றதைக் கண்டவர்கள் நாம். அவர் எம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அதுக்கில்லை. எழுதேக்கை நான் அங்கை நிக்கிறன்.” நாம் மறுபடியும் பயனைத்தான் தேடியிருக்கிறோம்.

குழந்தை கைக்குழந்தையாக இருக்கும்போது இவையொன்றும் நடக்காது. பால் கொடுப்பதும் நித்திரை முழிப்பதுமாக நாள் போய்விடும். அந்தக் காலத்தில் தாய்க்கு வேண்டியது நித்திரைதான். அதைக் கொடுப்பது வீட்டில் உள்ள மற்றவர்களின் கடமை. பிள்ளை முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகும் ஒரு தாய்க்குத் தனக்கென்று எதுவும் வரவில்லை என்றால்தான் வீட்டில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

இங்கே ஒரு பெரிய எச்சரிக்கை. தாய்க்கு ஒரு மணித்தியாலம் கொடுங்கள் என்று நாம் ஒரு கூட்டத்தில் பேசியபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த மாதம் விசாரித்தோம். கொடுத்திருந்தார்கள், ஆனால் அந்த மணித்தியாலம் வந்தது மூத்த பெண்பிள்ளையிடமிருந்து. தாய் வகுப்புக்கு வர, பதின்மூன்று வயது மகள் தம்பியைப் பார்த்து, பாத்திரம் கழுவி, தேத்தண்ணீர் போட்டாள். அவளுடைய பாடப் புத்தகம் மூடியே கிடந்தது. அதே வீட்டில் பதினாறு வயது அண்ணன் துடுப்பாட்டம் விளையாடப் போயிருந்தான். இது எமக்குச் சம்மதமில்லை. தாயிடமிருந்து எடுத்த பொழுதை மகளிடமிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்தால், இருபது வருடத்தில் அந்த மகளும் கடைசி வரிசையில் இருந்து சிரிக்கப்போகிறவள்தான். ஆண்பிள்ளைகளுக்கு உலையில் அரிசி போடவும் தம்பி தங்கையைக் குளிப்பாட்டவும் பழக்குங்கள். கை தேய்ந்துவிடாது. முகாமில் தறப்பாளுக்குக் கீழ் எத்தனையோ தகப்பன்மார் இதெல்லாம் செய்தவர்கள்தான். தாய் வைத்தியசாலையிலோ வேறு முகாமிலோ இருந்தபோது பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட தகப்பன்மாரை நாம் கண்டிருக்கிறோம். வீடு கிடைத்ததும் அந்தக் கைப்பழக்கத்தை முகாமிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

தோட்டக்கார ஐயாமார் சிலர் எம்மோடு சண்டைக்கே வந்தார்கள். “அவ பெட்டி பின்னினா வெங்காயத்துக்கு ஆர் தண்ணி மாறுறது?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இறைக்கும் நாளில் பின்னச் சொல்லவில்லை என்றோம். “மற்ற நாளிலை மட்டும் என்ன, உது பழகினா வீட்டை கவனிக்கமாட்டினம்” என்றார். அவரிடம் நாம் வேறொன்று கேட்டோம். பொழுதுபட்டதும் நீங்கள் சந்தியில் போய் இருந்து கதைக்கிறீர்களே, அதனால் தோட்டத்தைக் கவனிக்காமல் விட்டீர்களா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அது ஆம்பிளையள்” என்றார். அதற்குமேல் அவரிடம் விவாதிக்கவில்லை. எனினும் அவரிடத்தில் கோபப்படவும் எம்மால் முடியவில்லை. தன் செம்மண்ணை விட்டு முப்பது வருடத்துக்கும் மேலாகப் பிறர் மண்ணில் நடுகிற மனிதன் அவர். வீட்டில் மனைவி எந்நேரமும் தன் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருப்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சிய நிலையான காரியமாகத் தோன்றியிருக்கலாம். அவருக்கும் ஏதாவது வேண்டும்தான். அது மனைவியின் பொழுதாக இருக்கக்கூடாது.

மாமிமாரின் வாயைப் பற்றியும் அயலாரின் வாயைப் பற்றியும் எழுதினால் பக்கம் போதாது. ஒன்று மட்டும்: இளந்தாய் ஒருத்தி புத்தகத்தோடு இருப்பதைக் கண்டு முகம் சுளிக்கும் மாமி, தன் காலத்தில் எதை விட்டுக்கொடுத்தார் என்று அவரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நாம் கேட்டோம். ஒரு மாமி நன்றாக ஊஞ்சற்பாட்டுப் படிப்பவராம். கலியாணத்துக்குப் பிறகு படிக்கவேயில்லை. எம்முடைய வற்புறுத்தலில் மருமகளுக்கு முன்னால் இரண்டு அடி படித்தார். குரல் உடைந்துதான் இருந்தது.

கணவனை இழந்தவர்கள், தனியாகப் பிள்ளைகளை வளர்ப்பவர்களுக்கு வீட்டில் வேறு ஆள் இல்லை. அவர்களுக்கு அயல்தான் ஆள். வெங்காயம் நடும் காலத்தில் ஒருவர் தோட்டத்தில் மற்றவர் மாறி நின்று உதவுவது எமக்குப் புதிதல்ல. பிள்ளை பார்ப்பதிலும் அப்படி முறைவைக்கலாம். இன்று உன் பிள்ளையை நான் பார்க்கிறேன், நாளை என் பிள்ளையை நீ பார். சில இடங்களில் இது நடக்கிறது. பெரிய திட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 2017 மாசியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரையும், பின்னர் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அமர்ந்தவர்களையும் நினைக்கும்போது இந்தக் கட்டுரையை எழுதவே கை கூசுகிறது. உங்களுக்கு என்ன விருப்பம் என்று அவர்களிடம் கேட்க எமக்கு வாய் வராது. அவர்களுடைய விருப்பம் என்ன என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவர்களுக்குள்ளும், வீட்டில் மற்றப் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கொட்டிலில் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டிருப்பதே தங்களை எழும்பி நடக்க வைக்கிறது என்று அவர்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். போரின் வடு தனி ஆளின் மனதில் மட்டுமல்ல, குடும்பத்திலும் ஊரிலும் விழுகிறது என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இருந்து பல காலம் எழுதிவந்திருக்கிறார். ஊருக்கு விழுந்த வடுவை ஒருத்தி தனியே வீட்டுக்குள் இருந்து ஆற்ற முடியாது. நாலுபேர் கூடவேண்டும். அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொரு முறையும் படிவமும் பயிற்சியும் வேண்டும் என்பதில்லை.

அதனால் வியாழக்கிழமை வகுப்பை மறுபடியும் தொடங்கியிருக்கிறோம். வகுப்பு என்று சொல்வதும் சரியல்ல. படிப்பிக்க ஆள் இல்லை, தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டுகிறார். வரவு இடாப்பு இல்லை. விற்பனைக் கணக்கு இல்லை. உதவி வழங்குவோருக்கு இதை என்னவென்று எழுதுவது என்று இன்னும் எமக்குள் முடிவாகவில்லை. போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனைகளைத் தறித்துத் தள்ளியதால் குருத்து எடுப்பது முன்போல் சுலபமில்லை. வெட்டித்தர ஏறுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். கிடைக்கிற ஓலையைப் பங்கிட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் மண்டபத்தின் மறுகோடியில் விளையாடுகிறார்கள். அவர்களைப் பார்ப்பதற்கு இரண்டு தகப்பன்மாரும் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியரும் முறைவைத்து வருகிறார்கள். முதல் கிழமை அந்தத் தகப்பன்மார் வெட்கத்தோடு நின்றார்கள். இரண்டாம் கிழமை கிளித்தட்டு விளையாடினார்கள்.

முதல் நாளே ஒரு தாய் வந்து, ஓலையைத் தொடாமல், சுவரோரம் பாயை விரித்துப் படுத்து இரண்டு மணித்தியாலமும் நித்திரை கொண்டார். ஒருவரும் எழுப்பவில்லை. போகும்போது, “அடுத்த கிழமையும் இப்பிடிப் படுக்கலாமோ?” என்று கேட்டார். படுக்கலாம் என்றோம்.

எட்டிதழ்ப் பூக்காரத் தாய் மூன்றாம் கிழமைதான் வந்தார், கடைக்குட்டிக்குக் காய்ச்சலாம். தாயார் வைத்த பூவின் நடு எப்படித் தொடங்கும் என்பது அவருக்குச் சரியாக நினைவு வரவில்லை. நாலுதரம் இழைத்து நாலுதரம் கழற்றினார். அயலூர்க்காரக் கிழவி ஒருவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓலையை அவரிடமிருந்து வாங்கித் தன் ஊர் வழக்கப்படி தொடங்கிக் காட்டினார். அது ஆறிதழாக வந்தது. “இது எங்கட இல்லை” என்று இவர் சொல்ல, “அப்ப கழட்டு” என்று கிழவி கொடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு மண்டபம் திறந்திருக்கும். சாயத்தில் சிவப்பும் பச்சையும்தான் இருக்கின்றன. ஊதா தேடிக்கொண்டிருக்கிறோம், அந்தப் பூவுக்கு ஊதாதான் வேண்டுமாம்.